இந்தித் திரைப்படங்களில் வறியோர் பேச்சு: கேட்கப்பட்டதும் கேட்கப்படாததும்

வசதி படைத்த குடும்பங்களில் பிறந்து, ஆங்கிலவழிக் கல்வி பெற்று, பெருநகரங்களில் வாழும் கலைஞர்களே இந்தித் திரைப்படத்தில் வறுமையைப் பெரிதும் சித்திரித்து வந்துள்ளனர் என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். இது தொடர்பான வாதங்கள் பெரும்பாலும் கட்புலனைச் சார்ந்தே அமைந்துள்ளன. 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், சத்யஜித் ராய் இந்திய வறுமையை வெளிநாட்டார்க்குக் காட்டிப் புகழ் தேடுகிறார் என்று சாடியபோது எழுந்த விவாதம், வறுமையைக் காட்டலாமா, எவ்வளவு காட்டலாம் என்ற அளவிலேயே நின்றது. 2019-இல் வெளிவந்த 'சூப்பர் 30' படத்தில் கதைத்தலைவனின் தோல் கறுப்பாக்கப்பட்டது குறித்து எழுந்த கண்டனமும் கண்ணுக்குப் புலனாவதைப் பற்றியதே. குடிசை, கந்தல், தோல்நிறம் ஆகியன பற்றி இவ்வளவு பேசியவர்கள், அக்குடிசைக்குள் பேசப்படும் வாக்கியங்களை யார் அமைத்தார், எங்கிருந்து கேட்டார் என்று மிகுதியாகக் கேட்டதில்லை. மொழியியலார் கேட்க வேண்டிய வினா அதுவே. அதனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இவ்வினாவிற்கு இந்தித் திரைப்படத்தின் தயாரிப்பு முறையே ஒரு நுழைவாயிலாக அமைகிறது. அங்குக் கதை, திரைக்கதை, உரையாடல் என மூன்று பணிகளுக்கும் தனித்தனியே பெயர் காட்டும் மரபு உண்டு. இயக்குநர் வங்காளியாகவோ மராட்டியராகவோ பஞ்சாபியராகவோ இருக்கலாம். உரையாடலை வேறொருவர் எழுதுவார். எனவே இந்தித் திரைப்பட உரையாடல் பல வேளைகளில் பிறப்பிலேயே ஒரு மொழிபெயர்ப்பு எனலாம். அண்மைப் பதிற்றாண்டுகளில் இது மேலும் வெளிப்படையாகிவிட்டது. திரைக்கதை ஆங்கிலத்தில் எழுதப்படுவதும், இந்தி உரையாடல் ரோமன் எழுத்தில் அச்சிட்டு நடிகர்களுக்கு வழங்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. மனோஜ் பாஜ்பாய் போன்ற நடிகர்கள் தேவநாகரிப் படியே வேண்டும் என வற்புறுத்துவதைப் பொதுவெளியில் சொல்லியுள்ளனர். இது வெறும் பற்றுணர்வு அன்று. ரோமன் எழுத்தில் பல்லொலிக்கும் நாவளை ஒலிக்கும் ஒரே குறியீடுதான். முத்து எனப் பொருள்படும் 'மோதீ'யும் பருத்தவள் எனப் பொருள்படும் 'மோட்டீ'யும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. (தமிழெழுத்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்; மூச்சொலிகளில்தான் அது கைவிடும்.) கற்றோர் வழக்கு பழகிய நடிகர் இக்குறையை ஊகத்தால் நிரப்பிக்கொள்வார். ஆனால் கிளைமொழி வடிவம் ஒன்று ரோமனில் எழுதப்பட்டால், அதனை ஊகிக்க அவரிடம் எதுவும் இல்லை. அவர் வாயில் அது தாம் அறிந்த பொதுவழக்காகவோ, வெறும் 'நாட்டுப்புற ஓசை'யாகவோ மாறிவிடும்.

ஆயினும் எழுத்துமுறை ஒரு புறக்காரணமே. அடிப்படைக் காரணத்தை விளக்க ஜான் கம்பர்ஸ் 1958-இல் வெளியிட்ட ஆய்வு துணைபுரியும். உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டத்தில் உள்ள காலாபூர் என்னும் சிற்றூரில் சாதிப் பிரிவுகளுக்கும் பேச்சு வேறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பை அவர் ஆராய்ந்தார். ஊரின் பெரும்பான்மையோர் பேச்சிலிருந்து தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட பிரிவினரின் பேச்சு ஒலிநிலையில் வேறுபட்டிருந்தது. இவர்கள் நாள்தோறும் மேற்சாதியார் நிலத்திலும் வீட்டிலும் வேலை செய்பவர்கள். தொடர்பு மிகுந்திருந்தும் வேறுபாடு அழியவில்லை. வேலைத் தொடர்பு பேச்சை ஒன்றாக்குவதில்லை; ஒத்தாரிடையே நிகழும் நட்புறவே பேச்சை வடிவமைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவைத் திருப்பிப் பார்க்கலாம். வேலை வாங்குபவர் வேலைக்காரரின் பேச்சை நாள்தோறும் கேட்கிறார். ஆனால் அவர் கேட்பது தம்மை நோக்கிப் பேசப்படும் பேச்சை மட்டுமே. வேலைக்காரர் தம் வீட்டில், தம் தெருவில், தம்மொத்தாரிடம் பேசும் பேச்சு அவர் செவிக்கு எட்டுவதில்லை. வசதியான வீட்டில் வளர்ந்த திரைக்கலைஞர் ஒருவர் வறியோர் பேச்சை அறிந்திருக்கிறார் என்றால், அவர் அறிந்தது பெரும்பாலும் 'மேல்நோக்கிய பேச்சு' என நாம் இங்குப் பெயரிடும் ஒன்றே. 'மாலிக்', 'ஹுஜூர்', 'ஸாப்', 'மாயீ-பாப்' என்னும் விளிகள், வினாவற்ற விடைகள், முடிக்கப்படாத வாக்கியங்கள், மௌனம் ஆகியன அதன் கூறுகள். இந்தித் திரைப்படம் வறியோர்க்கு வழங்கியுள்ள பேச்சில் இது மிகுந்தும், 'பக்கநோக்கிய பேச்சு', அதாவது வறியோர் வறியோரிடம் பேசுவது, குறைந்தும் காணப்படுகின்றன. படைப்பாளரின் சமூகப் பின்புலம் திரையில் விட்டுச்செல்லும் தடத்தைக் கருணையின் மிகுதியிலோ குறைவிலோ தேடுவதைவிட இங்குத் தேடுவது பயனுடையது என்பதே என் கருத்து.

தொடக்ககாலப் படங்களில் வறியோர்க்கெனத் தனிப் பேச்சே இல்லை. பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தின் 'அச்சூத் கன்யா' (1936) தீண்டாமை பற்றிய படம். அதனை இயக்கிய பிரான்ஸ் ஆஸ்டன் ஜெர்மானியர். நாயகி தேவிகா ராணி தாகூர் குடும்ப உறவினர், இலண்டனில் பயின்றவர். பிராமண இளைஞனும் ரயில்வே கடவுக் காவலாளியின் மகளும் ஒரே எளிய இந்துஸ்தானியைப் பேசுகின்றனர். கம்பர்ஸ் பின்னர்க் கண்ட ஒலி வேறுபாட்டின் சாயல்கூட அதில் இல்லை. 'ஆவாரா'வில் (1951) இது ஒரு முரணாகவே உருவெடுக்கிறது. பிறப்பன்று, வளர்ப்பே மனிதனை ஆக்குகிறது என்பது அப்படத்தின் வாதம். நீதிபதியின் மகன் சேரியில் வளர்ந்து திருடனாகிறான். ஆனால் அவன் பேசுவதோ நீதிபதியின் வீட்டில் பேசத்தக்க இந்துஸ்தானி. உரையாடல் எழுதிய குவாஜா அகமத் அப்பாஸ் உருதுக் கவிஞர் ஹாலியின் வழித்தோன்றல், அலிகரில் பயின்றவர், பொதுவுடைமைச் சார்பினர். வளர்ப்பே மொழியைத் தீர்மானிக்கிறது என்னும் உண்மையை மொழியியல் ஐயமற நிறுவியுள்ளது. அவ்வுண்மையையே வாதமாகக் கொண்ட படத்தில், கதைத்தலைவனின் நாக்கு மட்டும் குருதிவழி நாக்காக அமைந்துவிட்டது வியப்பிற்குரியது. இதனை அப்பாஸின் குறையாக மட்டும் கொள்வது நேர்மையாகாது. ஏழைக்குக் கற்றோர் மொழியை வழங்கியமை அவனுக்கு மதிப்பு வழங்கியதுமாகும். 'தீவார்' (1975) படத்தில் கப்பல்துறைக் கூலியாக வரும் அமிதாப் பச்சனின் தெளிந்த இந்துஸ்தானியை எள்ளி நகையாடாமல் திரையரங்கின் முன்வரிசையினர் கொண்டாடியதற்கு இதுவே காரணம் எனத் தோன்றுகிறது.

இரண்டாவது வழி, வறியோர்க்கென ஒரு நாட்டுப்புற மொழியை ஆக்கிக்கொள்வது. 'கங்கா ஜமுனா' (1961) இதில் ஒரு மைல்கல். வஜாஹத் மிர்சாவின் உரையாடல் கிழக்கத்திய வழக்குகளின் கூறுகளைத் துணிவுடன் நாயகன் நாவிலேயே வைத்தது. அவ்வழக்கைப் பேசி நடித்த திலீப் குமார் பெஷாவரில் பிறந்தவர், வைஜயந்திமாலாவோ தமிழர். இருவர்க்கும் அது கற்றுக்கொண்ட மொழியே. எனினும் கல்லாத அண்ணன் ஊர்வழக்கிலும், படித்துக் காவல் அதிகாரியாகும் தம்பி பொதுவழக்கிலும் பேசுவதாக அமைத்தமையால், மொழி அங்கு அணியாக அன்றிக் கதையாகவே செயல்பட்டது. அதன்பின் வந்தோர் கதையை விட்டுவிட்டு அணியை மட்டும் எடுத்துக்கொண்டனர். நிகழ்கால வடிவில் '-அத்' ஈறு ('கரத்', 'ஜாத்'), 'க்யா'வுக்குப் பதில் 'கா', 'ஹம்கா', 'தோஹார்' போன்ற சில வடிவங்களைத் தூவினால் சிற்றூர் உருவாகிவிடும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. 'லகான்' (2001) படத்தில் லக்னோவைச் சேர்ந்த கே. பி. சக்சேனா அவதி, போஜ்புரி, பிரஜ் ஆகியவற்றைக் கலந்து ஒரு மொழியை அமைத்தார். இனிமையான கலவைதான்; ஆனால் எந்த ஊரிலும் பேசப்படாதது. அதனினும் கருதத்தக்கது, அவ்வூரில் அனைவரும் அக்கலவையையே பேசுகின்றனர் என்பது. சாதிவாரியாகக் கிளைமொழி மாறும் சிற்றூர் திரையில் ஒரே 'கிராமியம்' ஆகிவிடுகிறது. நகரத்துச் செவிக்குச் சிற்றூர் முழுவதும் ஒரே ஓசையாகவே கேட்கிறது போலும்.

இக்கலவையில் இழக்கப்படுவது ஒலியன்று, உறவு. இந்திப் பொதுவழக்கில் முன்னிலை இடப்பெயர் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று நிலைகளில் வழங்குவதை அறிவோம். ஆனால் போஜ்புரியில் 'தூ' என்பது இடைநிலை வடிவம். தாழ்நிலைக்கு 'தே(ன்)' என்னும் வடிவமும், உயர்நிலைக்கு 'ரௌரா' போன்றனவும் உண்டு. அவதியிலும் 'தூ'வுக்குக் கீழே 'தை(ன்)' உண்டு. ஆகவே கிழக்கத்திய உழவர் ஒருவர் அண்டை வீட்டாரை இயல்பாகத் 'தூ' என விளிக்கும்போது பொதுவழக்கினர் செவிக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. இவ்வாறே தன்மை ஒருமைக்கு 'ஹம்' வழங்குதல் அப்பகுதியில் யாவர்க்கும் பொது. பொதுவழக்கிலோ அது நவாபுக்கு உரியதாகவோ நாட்டுப்புறத்தானுக்கு உரியதாகவோதான் கேட்கும். ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல், முன்னிலை இடப்பெயர்களை ஆட்சியுறவு, ஒப்புரவு என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். அவ்விளக்கத்தின்படி 'தூ' இருமுகமுடையது: மேலிருந்து வந்தால் இழிப்பு, ஒத்தாரிடையே வழங்கினால் உரிமை. பக்கநோக்கிய பேச்சு குறைந்த படத்தில் ஒப்புரவின் 'தூ'வுக்கு இடமில்லை. அங்கு ஏழை கேட்கும் 'தூ' எல்லாம் இழிப்பே. அவன் எப்போதும் அவமதிக்கப்படுபவனாகத் தோன்றுவதற்கு அவமதிப்புகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. அவனுடைய நட்புகள் திரைக்கு வராமையும் காரணமாகும்.

மூன்றாவது வழி மௌனம். இது மாற்றுத் திரைப்பட இயக்கத்தின் சிறந்த ஆக்கங்களில் காணப்படுவதால் விரித்துரைக்க வேண்டியுள்ளது. ஷியாம் பெனகலின் 'அங்குர்' (1974) தெலங்கானாச் சிற்றூரில் நிகழ்வது. அங்குள்ள உழைப்பாளர் தெலுங்கு பேசுவர். அதற்கு ஈடாகத் தக்கனி உருதுவைத் தேர்ந்தமை, செகந்திராபாத் பகுதியில் வளர்ந்த பெனகலுக்கு அம்மொழி செவிவழி தெரிந்ததன் பயன் எனலாம். ஷபானா ஆஸ்மியின் இலட்சுமி பேசும் ஒவ்வொரு சொல்லும் நிலத்தில் ஊன்றி நிற்கிறது. ஆனால் இலட்சுமியின் கணவன் கிஷ்டய்யா காது கேளாத, வாய் பேசாதவன். இதனால் அக்குடிசைக்குள் உரையாடல் நிகழ வாய்ப்பில்லாமற் போகிறது. இலட்சுமியின் பேச்சில் பெரும்பகுதி நிலக்கிழாரின் மகனான சூர்யாவை நோக்கியதாகவே அமைகிறது. இறுதியில், தன் கணவன் சாட்டையால் அடிபட்டபின், அவள் வெடித்துப் பேசும் நீண்ட பேச்சு இந்தித் திரையின் மறக்கவியலாப் பகுதிகளுள் ஒன்று. அதுவும் மேல்நோக்கிய பேச்சே, சாபமாக மாறிய மேல்நோக்கிய பேச்சு. படத்தை முடித்துவைக்கும் எதிர்ப்போ ஒரு சிறுவன் எறியும் கல். அதற்கும் சொல் இல்லை.

கோவிந்த் நிஹலானியின் 'ஆக்ரோஷ்' (1980) இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. மனைவியைக் கொன்றதாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட பழங்குடியினன் லஹான்யா பீக்கு, தனக்காக வாதாடும் வழக்கறிஞரிடமும் வாய் திறப்பதில்லை. விஜய் தெண்டுல்கரின் எழுத்து அம்மௌனத்தை ஒரு குற்றப்பத்திரிகையாகவே ஆக்கிற்று. பேசிப் பயனில்லாதவனின் மௌனம் அது. இதன் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் அம்மௌனம் எழுத்தாளர்க்கு ஒரு வசதியையும் அளிக்கிறது என்பதை உடன் வைத்தே எண்ண வேண்டும். லஹான்யா தன் தந்தையிடமும் தங்கையிடமும் எம்மொழியில், எத்தொனியில் பேசுவான் என்பதை எழுத்தாளர் அறிய வேண்டிய தேவையே எழுவதில்லை. அவ்வேடத்தில் நடித்த ஓம் புரி சிறுவயதில் தேநீர்க்கடையில் வேலை செய்து வளர்ந்தவர். வறுமையின் பேச்சை உள்ளிருந்து அறிந்த ஒருவர்க்குப் பேச்சில்லாத வேடம் கிடைத்தது. வணிகப் படமான 'லகா'னில் கச்சரா என்னும் தாழ்த்தப்பட்டவனைச் சேர்த்துக்கொள்வது பற்றி ஊரே வாதிடும் காட்சியிலும் அவன் பேசுவதில்லை. அவனுக்காகப் புவன் பேசுகிறான். இருவேறு மரபுகள், இருவேறு நோக்கங்கள். இருந்தும் ஒடுக்கப்பட்டவனின் வாய் இரண்டிலும் மூடியே உள்ளது.

மேற்கூறியவற்றிலிருந்து பிறப்பே படைப்பைத் தீர்மானிக்கிறது என்ற முடிவிற்கு வருதல் பிழையாகும். 'தோ பீகா ஜமீன்' (1953) படத்தின் பிமல் ராய் கிழக்கு வங்காள ஜமீன்தார்க் குடும்பத்தவர். அதில் நிலமிழந்து ரிக்ஷா இழுக்கும் உழவனாக நடித்த பல்ராஜ் சாஹனி லாகூரில் ஆங்கில இலக்கியம் பயின்று, சாந்திநிகேதனில் கற்பித்து, இலண்டனில் பி.பி.சி.யில் பணியாற்றியவர். ஆனால் அவர் மும்பையின் ஜோகேஸ்வரியில் எருமை வைத்துப் பால் விற்கும் உத்தரப்பிரதேசத்து மக்களிடையே சென்று அமர்ந்து, அவர்கள் உண்பதையும் நடப்பதையும் பேசுவதையும் கவனித்தார். அவர்கள் அவரிடம் பேசியதை அன்று, தமக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டார் என்பதே இங்கு முதன்மையானது. கள ஆய்வில் ஈடுபட்ட எவரும் இவ்வேறுபாட்டின் அருமையை அறிவர். ஒலிப்பதிவுக் கருவியின் முன் தகவலாளி பேசும் பேச்சும், கருவியை மறந்தபின் அவர் தம் அண்டைவீட்டாரிடம் பேசும் பேச்சும் ஒன்றல்ல.

மறுதலையாக, வறுமையில் பிறந்தவர் எடுத்த படத்தில் வறியோர் பேச்சு தானே வந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. குஜராத்துச் சிற்றூரிலிருந்து முறையான கல்வியின்றி மும்பைக்கு வந்தவர் மெஹபூப் கான். அவருடைய 'மதர் இந்தியா'வில் (1957) மண்ணின் வழக்கைச் செழிப்பாகப் பேசுபவன் வட்டிக்காரன் சுகீலாலாவே என்பது என் செவி கூறும் தீர்ப்பு. அவ்வேடத்தில் நடித்த கன்னையாலால் வாரணாசியைச் சேர்ந்தவர். சுரண்டப்படும் ராதாவின் பேச்சோ பெரிதும் பொதுவழக்கை ஒட்டிச் செல்கிறது. அங்கு இயக்குநரின் பிறப்பைவிட உரையாடல் எழுதுவோரின் பயிற்சியும் நடிகரின் ஊரும் வலுவாகச் செயற்பட்டுள்ளன.

உரையாடல் எழுதுபவரே வறுமையிலிருந்து வந்தால் நேர்வதைக் காதர் கானிடம் காணலாம். மும்பையின் காமாட்டிபுராவில் வறுமையில் வளர்ந்து, பொறியியல் கற்று, ஆசிரியப் பணி செய்து பின்னர்த் திரைக்கு வந்தவர் அவர். 'அமர் அக்பர் அந்தோணி' (1977) படத்தில் அந்தோணி பேசும் மும்பை இந்தி, 'அபுன்', 'மேரேகோ', 'கர்னே கா' போன்ற வடிவங்களுடன், கற்றோரால் கொச்சை என ஒதுக்கப்பட்ட வழக்கு. அதைக் காதர் கான் இரங்கத்தக்கதாக ஆக்கவில்லை. நகைச்சுவை, செருக்கு, வம்பு, காதல் அனைத்தையும் தாங்கும் முழுமொழியாக அமைத்தார். திறனாய்வாளர்கள் அப்படங்களை வறுமை பற்றிய படங்களாகக் கருதுவதே இல்லை. வறியோர் பேச்சு இரக்கத்தைத் தூண்டினால்தான் நம் கல்வியுலகம் அதனைக் கவனிக்கும் போலும்.

பிற்காலத்தில் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை இரண்டு. அனுஷா ரிஸ்வியின் 'பீப்லி லைவ்' (2010) ஆங்கிலத் தொலைக்காட்சி இதழியலிலிருந்து வந்தவரின் படைப்பு. ஹபீப் தன்வீர் உருவாக்கிய நயா தியேட்டரின் நடிகர்கள் அதில் பங்கேற்றனர். நத்தா தொலைக்காட்சியாளர் முன் வாயடைத்து நிற்பதும், அவன் வீட்டுத் திண்ணையில் தாயும் மனைவியும் அண்ணனும் ஓயாமல் ஏசிக்கொள்வதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. மேல்நோக்கிய மௌனத்தையும் பக்கநோக்கிய பேச்சையும் ஒருசேரக் காட்டியதால், அம்மௌனம் அவன் இயல்பன்று, சூழலின் விளைவு என்பது புலனாகிறது. 'ஆக்ரோஷ்' இதனைச் சொல்லிற்று. 'பீப்லி லைவ்' காட்டிற்று. ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' (2019) திரையுலகக் குடும்பத்தின் வழித்தோன்றல் எடுத்த தாராவிப் படம். உரையாடலை விஜய் மௌர்யா எழுத, தெருவோர ராப் கலைஞர்களின் வாழ்வு மூலமாயிற்று. மகிழுந்தின் பின்னிருக்கையில் முதலாளி வீட்டுப் பெண் அழுகையில், ஓட்டுநர் இருக்கையிலிருக்கும் முராத் ஒரு சொல்லும் சொல்லவியலாது அமர்ந்திருக்கும் காட்சியை இக்கட்டுரையின் கருத்திற்கு விளக்கமாகவே கொள்ளலாம். தெருவில் நண்பரிடையே சொல் மழையாகப் பொழிபவனுக்கு அங்குச் சொல்ல உரிமையுள்ள சொல் ஒன்றுகூட இல்லை.

இனி, மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய ஒரு சிக்கல். பிரேம்சந்தின் 'சத்கதி'யைச் சத்யஜித் ராய் 1981-இல் தூர்தர்ஷனுக்காகப் படமாக்கினார். இந்தி உரையாடலில் பிரேம்சந்தின் மகன் அம்ரித் ராய் துணைநின்றார். மகளின் திருமணத்திற்கு நாள் குறித்துத் தர வேண்டி வந்த துக்கியைப் பண்டிதர் பட்டினியோடு விறகு பிளக்கவைக்கிறார். துக்கி பண்டிதரிடம் பேசுவது முழுவதும் பணிவு. சுரண்டலைச் சுரண்டல் எனப் பெயரிட்டுச் சொல்பவன், அவ்வழி வரும் கோண்டு இனத்தவனே. உண்ண ஏதேனும் கொடுத்தார்களா என்று கேட்பவனும் அவனே. அப்பக்கநோக்கிய சிறு உரையாடல் இல்லையெனில் கதை வெறும் இரக்கக் கதையாகிவிடும். இதில் பிரேம்சந்த் செய்துள்ள நுட்பம் ஒன்று உண்டு. பண்டிதர் துக்கியை 'ரே' என்னும் விளியுடன் ஒருமையில் அழைக்கிறார். கோண்டு அவனிடம் 'தும்' நிலை வினைவடிவங்களையே வழங்குகிறான். பண்டிதர் மறுக்கும் மதிப்பை உழைப்பாளி உழைப்பாளிக்கு அளிக்கிறான்.

தமிழில் இவ்விரண்டும் 'நீ'யாகிவிடும். பண்டிதர் கூற்றில் 'ஏண்டா', 'டேய்' சேர்த்தால் இழிப்பு வந்துவிடும். ஆனால் கோண்டின் வெற்று 'நீ', 'தும்' தரும் மதிப்பைத் தருவதில்லை. 'நீங்கள்' எனில் ஒத்தாரிடையே இல்லாத தொலைவு புகுந்துவிடும். 'நீர்' என்பது இன்று சில வட்டாரங்களிலேயே உயிருடன் உள்ளது. ஏனையோர்க்கு அது நாடகத் தமிழாக ஒலிக்கும். இடப்பெயரை அறவே தவிர்த்து, 'அண்ணே' போன்ற உறவுமுறை விளி ஒன்றைக் கோண்டின் வாயில் வைப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாத சொல் அது. ஆனால் நம் சிற்றூர்களில் சாதி வேறுபட்ட இரு கூலியாட்கள் நிழலில் நின்று பேசுகையில் அவ்விளி உண்மையாகவே வழங்குமா, எந்தெந்தச் சாதியாரிடையே வழங்கும், எங்கு வழங்காது என்பதை அறிந்த பின்னரே அதனை எழுத வேண்டும். அதற்கு அகராதி உதவாது. அந்நிழலுக்கே செல்ல வேண்டும்.